புதினாவில் பத்திலொரு பங்கு

நற்செய்தி நூல்களில் புதினா இரண்டு இடங்களில் பேசப்படுகிறது. மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் ஒருமுறை. லூக்கா 11ஆம் அதிகாரத்தில் மற்றொரு முறை. இரண்டு இடங்களிலும் அது வருவது கண்டனத்தின் நடுவில்தான். தானியம், திராட்சை இரசம், எண்ணெய் ஆகியவற்றில் பத்திலொரு பங்கை இறைவனுக்கு ஒதுக்கும்படி மோசேயின் சட்டம் பணித்திருந்தது. பரிசேயரோ தோட்டத்து மூலையில் வளரும் புதினாவையும் கணக்கில் கொண்டுவந்து பங்கு பிரித்துக் கொடுத்தனர். அவர்கள் கொடுத்ததை ஆண்டவர் குறை கூறவில்லை. கீரையை அத்தனை நுணுக்கமாக அளந்த கை நீதியையும் இரக்கத்தையும் நம்பிக்கையையும் அளக்காமல் விட்டதையே அவர் சாடினார். சிறியதைச் செய்வதோடு பெரியதையும் செய்திருக்க வேண்டும் என்பது அவர் தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பை ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்து பிறப்பு விழாக் காலத்தில் எனக்கு நினைவூட்டும் பொருள் ஓர் இனிப்பு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் திசம்பர் மாதம் பிறந்துவிட்டால் வீடுதோறும் செய்யப்படும் பெப்பர்மின்ட் சாக்லேட் பட்டை அது. மேலோட்டமாகப் பார்த்தால் குழந்தைகளுக்கான தின்பண்டம். அதற்குள் சேரும் மூன்று பொருள்களின் வழியைப் பின்தொடர்ந்து சென்றால், திருச்சபையின் வரலாற்றில் ஒளியும் நிழலும் விழுந்த பல இடங்களுக்கு அது நம்மை அழைத்துச் செல்கிறது.

மரப்பட்டை போன்ற இனிப்பு

அதன் பெயருக்குக் காரணம் அதன் தோற்றம். மரத்திலிருந்து உரித்தெடுத்த பட்டையைப் போல அது மெல்லியதாகவும், மேற்பரப்பு கரடுமுரடாகவும், விளிம்புகள் ஒழுங்கற்றும் இருக்கும். அடியில் கறுப்புச் சாக்லேட். அதன்மேல் வெள்ளைச் சாக்லேட். உச்சியில் நொறுக்கித் தூவிய சிவப்பும் வெள்ளையுமான பெப்பர்மின்ட் மிட்டாய். சாக்லேட்டையும் பெப்பர்மின்டையும் இணைப்பது அங்கே பழைய வழக்கம். ஆயினும் இன்று நாம் காணும் இந்த அடுக்கு வடிவம் நாடெங்கும் பரவியது 1998ஆம் ஆண்டில் வில்லியம்ஸ் சொனோமா என்னும் நிறுவனம் அதைத் தகரப் பெட்டிகளில் அடைத்து விற்கத் தொடங்கிய பிறகே. கடைப் பெட்டியின் விலையைக் கண்ட இல்லத்தரசிகள் விரைவிலேயே அதைத் தம் அடுப்பங்கரைக்குக் கொண்டுவந்துவிட்டனர்.

செய்முறை எளிது, பொறுமை மட்டும் வேண்டும். கறுப்புச் சாக்லேட் 300 கிராம், வெள்ளைச் சாக்லேட் 300 கிராம், பெப்பர்மின்ட் மிட்டாய் 100 கிராம் இருந்தால் போதும். கறுப்புச் சாக்லேட்டில் மூன்றில் இரு பங்கை ஒரு கிண்ணத்தில் இட்டு, சுடுநீர்ப் பாத்திரத்தின் மேல் நீர் படாதபடி வைத்து, 45 பாகை செல்சியசுக்குச் சற்று மேல்வரை உருக்க வேண்டும். பிறகு இறக்கி வைத்து, எஞ்சிய ஒரு பங்கைத் துண்டு துண்டாகச் சேர்த்து, 31 அல்லது 32 பாகைக்கு வரும்வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் கிளறலுக்கு ஒரு காரணம் உண்டு. கொக்கோ வெண்ணெய் ஆறு வகைப் படிகங்களாக உறையக்கூடியது. அவற்றுள் ஐந்தாம் வகை மட்டுமே பளபளப்பையும், ஒடிக்கும்போது எழும் 'டக்' என்ற ஓசையையும் தரும். அவசரப்பட்டு உருக்கி அவசரப்பட்டு உறைய வைத்தால் சாக்லேட் மங்கி, வெண்புள்ளி பூத்து, கையில் பிசுபிசுக்கும்.

ஒரு துளி நீர் விழுந்தாலும் உருகிய சாக்லேட் இறுகிக் கட்டியாகிவிடும். ஆகவே மணத்துக்குச் சேர்ப்பது பெப்பர்மின்ட் எண்ணெயாக இருக்க வேண்டும். நீர் கலந்த எசன்ஸ் உதவாது. பட்டர் பேப்பர் விரித்த தட்டில் கறுப்புச் சாக்லேட்டைப் பரப்பி, அது அரைகுறையாக உறைந்திருக்கும்போதே வெள்ளைச் சாக்லேட்டை மேலே ஊற்ற வேண்டும். அடி அடுக்கு முற்றிலும் இறுகிவிட்டால் மேலடுக்கு அதனோடு ஒட்டாது. ஒடிக்கும்போது இரண்டும் தனித்தனியே கழன்றுவிடும். வெள்ளை அடுக்கு ஈரமாக இருக்கும்போதே நொறுக்கிய மிட்டாயைத் தூவி, உறைந்த பின் கையால் ஒடித்துப் பகிர வேண்டும். கத்தி வேண்டியதில்லை. எந்தத் துண்டும் மற்றொன்றைப் போல இராது. ஆனால் எல்லாருக்கும் ஒரு துண்டு கிடைக்கும்.

புதினாவும் ஒரு குருவானவரும்

மூன்று பொருள்களுள் முதலாவது புதினா. ஆண்டவர் குறிப்பிட்ட பாலஸ்தீனத்துப் புதினாவுக்குப் பெப்பர்மின்ட் உறவுச் செடி; அதுவே அன்று. நீர்ப்புதினாவும் ஈட்டிப்புதினாவும் தாமாகக் கலந்து பிறந்த கலப்புச் செடி இது. இங்கிலாந்து நாட்டின் தாவரவியலறிஞர் ஜான் ரே 1696இல் இதனை விவரித்து எழுதினார். இச்செடி முளைக்கும் விதையைத் தருவது அரிது. வேரோடு ஓடும் தண்டைப் பிரித்து நட்டே பெருக்க வேண்டும். ஆகவே உலகில் இன்று எங்கு பெப்பர்மின்ட் வளர்ந்தாலும், அது மனிதர் ஒருவர் மற்றொருவருக்குக் கை மாற்றிக் கொடுத்த தண்டின் தொடர்ச்சிதான். 18ஆம் நூற்றாண்டில் இலண்டனுக்கு அருகிலுள்ள மிட்சம் என்னும் ஊரில் இது வயல்களில் பயிரிடப்பட்டது. அங்கிருந்து கடல் கடந்து மாசசூசெட்ஸ், நியூயார்க், மிச்சிகன் மாநிலங்களுக்குப் பரவியது. நியூயார்க் மாநிலத்து லயன்ஸ் என்ற சிற்றூரில் ஹாட்ச்கிஸ் என்பவர் வடித்த பெப்பர்மின்ட் எண்ணெய், 1851இல் இலண்டனில் நடந்த உலகப் பொருட்காட்சியில் பரிசு பெற்றது.

இந்த எண்ணெயில் மென்தால் உள்ளது. நாவிலும் தோலிலும் குளிரை உணரும் நரம்பு முனைகளை அது தூண்டுகிறது. உண்மையில் வாயின் வெப்பம் குறைவதில்லை. குளிர்ந்ததாக நரம்பு மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. உறைபனிக் காலத்து விழாவுக்கு ஏற்ற சுவையாக மக்கள் இதனைத் தேர்ந்ததில் வியப்பில்லை.

இனிப்பின் உச்சியில் தூவப்படும் மிட்டாய், பெரும்பாலும் ஆயனின் கோலைப் போல வளைந்த பெப்பர்மின்ட் குச்சியை நொறுக்கியது. இந்தக் குச்சியைப் பற்றிப் பக்திக் கதைகள் பல உலவுகின்றன. 1670இல் கொலோன் பேராலயத்துப் பாடகர் குழுத் தலைவர், குடில் வழிபாட்டின்போது சிறுவர்கள் அமைதியாக இருக்க இதைச் செய்யச் சொன்னாராம். தலைகீழாகப் பிடித்தால் இயேசுவின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்து. வெள்ளை நிறம் தூய்மை. சிவப்புக் கோடுகள் சிந்திய திருஇரத்தம் என்று மறையுரைகளிலும் சொல்லக் கேட்கிறோம். கேட்க இனிமைதான். ஆனால் கொலோன் கதைக்கு அக்காலச் சான்று எதுவும் கிடைத்திலது. 1900க்கு முந்திய வாழ்த்து அட்டைகளில் இந்தக் குச்சி கோடின்றி வெள்ளையாகவே வரையப்பட்டுள்ளது. சிவப்புக் கோடு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வருகிறது. பொருள் முதலில் வந்தது. விளக்கம் பின்னால் வந்து சேர்ந்தது.

சான்றுள்ள வரலாறோ புனைவுக்குக் குறைந்ததன்று. ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனி நகரில் 1919இல் பாப் மக்கார்மக் என்பவர் ஒரு மிட்டாய் ஆலையைத் தொடங்கினார். சூடான சர்க்கரைப் பாகைக் கையால் இழுத்து, முறுக்கி, வெட்டி, வளைக்க வேண்டும். வளைக்கும்போது உடைந்து கழிக்கப்பட்டவை ஏராளம். அவருடைய மைத்துனர் கிரிகோரி கெல்லர் ஒரு கத்தோலிக்கக் குரு. 1950களில் அவர், குச்சிகளைத் தானாக முறுக்கி அளவாக வெட்டும் இயந்திரம் ஒன்றை வடிவமைத்துக் காப்புரிமையும் பெற்றார். கைவேலையாக இருந்த பண்டம் ஏழை வீட்டுக்கும் எட்டும் விலைக்கு வந்ததில் அந்த இயந்திரத்துக்குப் பங்குண்டு. ஆயனின் கோலுக்குப் பக்தி விளக்கம் தேடியவர்கள், அதைச் செய்து சோர்ந்த கைகளின் சுமையைக் குறைத்த ஓர் ஆயரைக் கவனிக்கவில்லை. உடைந்த குச்சிகளும் வீணாவதில்லை. அவையே பட்டை இனிப்பின் மேல் தூவப்படுகின்றன. ஐயாயிரம் பேர் உண்டபின் எஞ்சிய துண்டுகளையும் சேர்க்கச் சொன்னவரின் விழாவுக்கு அது பொருத்தமே.

கோப்பையும் நோன்பும்

இனிப்பின் அடித்தளமான சாக்லேட்டின் கதை இன்னும் நீண்டது. நம் திருச்சபையோடு இன்னும் நெருங்கியது. ஈக்வடார் நாட்டின் தென்கிழக்கில் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் கொக்கோவைப் பயன்படுத்தியதற்கான தடயங்கள் 2018இல் வெளியான ஆய்வில் எடுத்துக்காட்டப்பட்டன. மாயா மக்களும் அஸ்டெக் மக்களும் கொக்கோ விதையை அரைத்து, மிளகாயும் மணப்பொருள்களும் சேர்த்து, நுரை பொங்கப் பருகினர். விதைகளே நாணயமாகவும் வழங்கின.

ஸ்பெயின் நாட்டுக்குச் சாக்லேட் வந்ததைக் கூறும் மிகப் பழைய எழுத்துச் சான்று 1544ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவ்வாண்டு தோமினிக்கன் துறவியர் கெக்சி மாயா இனத்துப் பெருமக்கள் சிலரை இளவரசர் பிலிப்பின் அரண்மனைக்கு அழைத்துச் சென்றனர். அவர்கள் கொண்டுசென்ற காணிக்கைகளுள் குவெட்சால் பறவையின் இறகுகளோடு, நுரைக்க அடித்த சாக்லேட்டும் இருந்தது. அந்த மாயா மக்கள் வாழ்ந்த பகுதியை ஸ்பானியப் படைகளால் வெல்ல முடியவில்லை. 'போர் நிலம்' என்றே அதற்குப் பெயர். படைவீரர் எவரும் நுழையக் கூடாது என்ற நிபந்தனையோடு தோமினிக்கன் துறவி பர்த்தலோமே தெ லாஸ் காசாசும் அவர் தோழர்களும் அங்கே நற்செய்தி அறிவித்தனர். பின்னர் அந்நிலம் 'உண்மை அமைதி' என்னும் பொருளில் வேராபாஸ் எனப் பெயர் பெற்றது. வாளின்றி அறிவிக்கப்பட்ட நற்செய்தியின் நிலத்திலிருந்து சாக்லேட் அரண்மனைக்குச் சென்றது என்பதை நினைக்க மனம் மகிழ்கிறது.

லாஸ் காசாஸ் 1544இல் சியாப்பாஸ் மறைமாவட்டத்தின் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டு, அடுத்த ஆண்டு அங்கே சென்றார். பழங்குடியினரை அடிமைகளாக வைத்திருப்போர் அவர்களை விடுவித்து, பறித்ததைத் திருப்பிக் கொடுக்கும்வரை பாவமன்னிப்பு வழங்கக் கூடாது என்று ஒப்புரவு அருளடையாளம் வழங்கும் குருக்களுக்கு அவர் கட்டளையிட்டார். குடியேறிகள் கொதித்தெழுந்தனர். அவரால் அங்கே நெடுநாள் தங்க முடியவில்லை. 1547இல் ஸ்பெயினுக்குத் திரும்பி, 1550இல் ஆயர் பொறுப்பைத் துறந்தார். அவர் குறையற்றவர் அல்லர். பழங்குடியினரின் சுமையைக் குறைக்க ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று இளமையில் அவரே ஆலோசனை கூறியதுண்டு. அது பெரும் அநீதி என்பதை உணர்ந்து, பின்னாளில் தம் கையாலேயே மனம் வருந்தி எழுதினார்.

அதே சியாப்பாசில் 1620களில் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று. அங்கே தங்கியிருந்த தாமஸ் கேஜ் என்ற ஆங்கிலேயத் தோமினிக்கன் துறவி அதை எழுதியுள்ளார். அவர் பிற்காலத்தில் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு விலகி, 1648இல் தம் நூலை வெளியிட்டவர். ஆகவே அவர் கூற்றை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். நகரத்துச் சீமாட்டிகள் தங்கள் வயிறு வலுவற்றது என்று சொல்லி, திருப்பலியின் நடுவிலும் மறையுரையின் நடுவிலும் பணிப்பெண்களைக் கொண்டு சூடான சாக்லேட்டை வரவழைத்துப் பருகினராம். ஆயர் பெர்னார்டினோ தெ சலசார் கண்டித்தார். கேளாதவர்களைச் சபை நீக்கம் செய்வதாக அறிவித்தார். சீமாட்டிகள் பேராலயத்தை விட்டுவிட்டுத் துறவு மடங்களின் ஆலயங்களுக்குப் போகத் தொடங்கினர். சிறிது காலத்தில் ஆயர் நோயுற்று இறந்தார். சாக்லேட் கோப்பையில் நஞ்சு கலந்து கொடுக்கப்பட்டதாக ஊரில் பேச்சு எழுந்தது.

இந்தக் கதையைச் சாக்லேட்டின் வரலாற்றை எழுதுவோர் சுவைபடச் சொல்வது வழக்கம். படிக்கும்போதெல்லாம் என் மனம் நிற்பது வேறிடத்தில். கோப்பையைக் கையில் ஏந்தி, அது ஆறிவிடாமல் ஆலயத்துக்குள் வேகமாக நடந்து வந்த அந்தப் பணிப்பெண் யார்? அவளுக்குத் திருப்பலி கிடைத்ததா? ஆயரும் சீமாட்டிகளும் கோப்பையைப் பற்றிச் சண்டையிட்டனர். அதைச் சுமந்தவளைப் பற்றி இந்த வரலாற்றில் ஒரு சொல்லும் இல்லை. நாற்பதாண்டு அல்ல, எண்பதாண்டுக்கு முன்பே அதே மறைமாவட்டத்தில் ஓர் ஆயர், சுமப்பவரைப் பற்றியே பேசித் துரத்தப்பட்டிருந்தார்.

ஐரோப்பாவிலும் விவாதம் கோப்பையைச் சுற்றியே நடந்தது. அக்காலத் தவக்கால ஒழுங்கின்படி நோன்பு நாளில் முழு உணவு ஒரே ஒரு வேளைதான். இடையில் பருகும் சாக்லேட் உணவா, பானமா? உணவு என்றால் நோன்பு முறியும். பானம் என்றால் முறியாது. பானம் நோன்பை முறிப்பதில்லை என்று புனித தோமா அக்குவினாஸ் முன்பே விளக்கியிருந்தார். ஆனால் அவர் காலத்தில் ஐரோப்பாவில் சாக்லேட் இல்லை. 1636இல் அந்தோனியோ தெ லெயோன் பினெலோ என்பவர் இந்த ஒரே கேள்வியை ஆராய்ந்து மத்ரித் நகரில் ஒரு முழு நூலை வெளியிட்டார். 1664இல் கர்தினால் பிரான்செஸ்கோ மரியா பிரங்காச்சோ உரோமையில் வெளியிட்ட இலத்தீன் நூலில், நீர்மமாகப் பருகும் சாக்லேட் நோன்பை முறிப்பதில்லை என்ற முடிவை ஆதரித்தார். கற்றோர் பலர் இருபுறமும் நின்று வாதிட்டனர்.

அவர்களை ஏளனம் செய்வது நம் நோக்கமன்று. நோன்பை மதித்த காலம் அது. மதித்ததால்தான் ஐயம் எழுந்தது. சிறியவற்றில் உண்மையாக இருப்பதும் ஒரு புண்ணியமே. ஆயினும் அதே ஆண்டுகளில் மத்திய அமெரிக்காவின் கொக்கோத் தோப்புகளில் பழங்குடி மக்கள் கொள்ளைநோயாலும் வரிச் சுமையாலும் மடிந்துகொண்டிருந்தனர். வெனிசுவேலாவின் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்தனர். நோன்பு நாளில் கோப்பை உதட்டைத் தொடலாமா என்று பக்கம் பக்கமாக எழுதிய ஏடுகள், கோப்பையில் இருந்தது எவருடைய வியர்வை என்று கேட்கவில்லை. புதினாவை அளந்த கை மீண்டும் ஒருமுறை அளந்தது. பெரியதை மீண்டும் ஒருமுறை மறந்தது.

இனிப்பின் கசப்பு

மூன்றாவது பொருள் சர்க்கரை. வெள்ளை அடுக்கிலும் மிட்டாயிலும் நிறைந்திருப்பது அதுவே. அட்லாண்டிக் கடலைக் கடந்து கப்பல்களில் ஏற்றப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகள் ஏறத்தாழ 125 இலட்சம் பேர் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கின்றனர். அவர்களுள் மிகப் பலரின் முடிவிடம் கரும்புத் தோட்டம். பிரிட்டன் தன் குடியேற்ற நாடுகளில் 1834இல் அடிமை முறையை ஒழித்தபோது, தோட்ட முதலாளிகள் வேறு கைகளைத் தேடினர். அவை நம் கைகள். மொரீசியசுக்கும் கரிபியத் தீவுகளுக்கும் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கப்பலேறினர். சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் சென்றவர்களுள் கிறிஸ்தவர்களும் இருந்தனர். ஆகவே சர்க்கரையின் வரலாறு எவருடைய வரலாறோ அன்று. நம் முன்னோர் கரும்பு வெட்டிய தழும்புகளும் அதில் உள்ளன.

கொக்கோவுக்கும் நம் மண்ணோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. இந்தியாவில் முதன்முதலாகக் கொக்கோச் செடி நடப்பட்டது 1798இல், நம் குற்றாலத்தில். கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்து அந்த முயற்சி அப்போது வேரூன்றவில்லை. இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதிகளில் தென்னந்தோப்புகளின் நிழலில் அது ஊடுபயிராக விளைகிறது.

19ஆம் நூற்றாண்டில் சாக்லேட் பானமாக இருந்த நிலை மாறியது. 1828இல் நெதர்லாந்து நாட்டு வான் ஹூட்டன் கொக்கோ வெண்ணெயைப் பிழிந்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1847இல் பிரிஸ்டல் நகரத்து பிரை நிறுவனத்தார் கடித்துத் தின்னும் கட்டிச் சாக்லேட்டைச் செய்தனர். 1879இல் சுவிட்சர்லாந்தின் ருடால்ப் லின்ட் அதை வாயில் கரையும்படி மென்மையாக்கினார். விலை குறைந்தது, தேவை பெருகியது, தேவையோடு பழைய பாவமும் திரும்பியது.

இங்கிலாந்தின் பெரிய சாக்லேட் குடும்பங்களான பிரை, கேட்பரி, ரவுன்ட்ரி ஆகிய மூன்றும் குவேக்கர் சமயத்தினர். தொழிலாளர் நலனில் உண்மையான அக்கறை கொண்டவர்கள். அடிமை முறையை எதிர்த்த மரபினர். ஆயினும் அவர்கள் கொக்கோ வாங்கிய போர்த்துக்கீசியத் தீவான சாவோ தொமேயில், அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்டோர் ஒப்பந்தத் தொழிலாளர் என்ற பெயரில் அடிமைகளாகவே நடத்தப்பட்டனர். 1901இலேயே இச்செய்தி கேட்பரி நிறுவனத்தாரின் காதுக்கு எட்டியது. ஹென்றி நெவின்சன் என்ற இதழாளர் 1904இலும் 1905இலும் நேரில் சென்று பார்த்து, கண்டதை உலகுக்கு எழுதினார். நிறுவனம் விசாரித்தது, ஆள் அனுப்பியது, அரசோடு பேசியது. அத்தீவின் கொக்கோவை வாங்குவதை நிறுத்தியது 1909இல்தான். அவ்வாண்டே, தங்களைப் பழித்த நாளிதழ் ஒன்றின்மேல் அவர்கள் தொடுத்த அவதூறு வழக்கில் தீர்ப்பு அவர்கள் பக்கமே வந்தது. ஆனால் நடுவர் குழு அளித்த இழப்பீடு ஒரு பார்த்திங்; அதாவது ஒரு பென்னியின் நான்கில் ஒரு பங்கு. நல்லவர்கள் எட்டாண்டு தாமதித்ததன் விலையை அந்தச் சிறு காசு சொல்லாமல் சொல்லிற்று.

அந்தக் கதை முடிந்துவிடவில்லை. உலகின் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வருகிறது. குழந்தைத் தொழிலின் மிகக் கொடிய வடிவங்களை ஒழிப்பதாகச் சாக்லேட் நிறுவனங்கள் 2001இல் உடன்படிக்கை செய்துகொண்டன. முதலில் குறித்த 2005ஆம் ஆண்டு கெடு தவறியது. பிறகு குறித்த கெடுக்களும் தவறின. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அவ்விரு நாடுகளிலும் கொக்கோ வேலையில் குழந்தைத் தொழிலாளராக இருந்தோர் ஏறத்தாழ 15 இலட்சத்து 60 ஆயிரம் பேர். பெரும்பாலோர் தம் சொந்தக் குடும்பத்து நிலத்தில்தான் உழைக்கின்றனர். காரணம், கூலியாள் வைக்கும் அளவுக்குக் கொக்கோவின் விலை அந்த உழவருக்குக் கட்டுப்படியாவதில்லை. அரிவாளைப் பிடித்துக் காய் வெட்டும் சிறுவன் பலமுறை, அக்காயிலிருந்து பிறக்கும் இனிப்பைச் சுவைத்தே அறியாதவன்.

விழா மேசையின் முன்

அப்படியானால் இந்த இனிப்பைச் செய்யவே கூடாதா? இக்கேள்வியைக் கேட்டுக்கொண்டு புதினாவைப் பற்றிய திருமொழிக்கே மீண்டும் போவோம். ஆண்டவர் புதினாவைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. சிறிய கடமையைக் கைவிடாமலே பெரியதையும் செய்யச் சொன்னார். கானா ஊர்த் திருமணத்தில் இரசம் தீர்ந்தபோது விழாவை நிறுத்தச் சொன்னவர் அல்லர் அவர். கற்சாடிகளை விளிம்புவரை நிரப்பச் செய்தவர். விழாவின் மகிழ்ச்சி நமக்குத் தரப்பட்ட கொடை. அந்த மகிழ்ச்சி எவருடைய கண்ணீரிலும் கால் வைத்து வரக் கூடாது என்பதே பெரிய கட்டளை. பொருளை வாங்குவது வணிகச் செயலாக மட்டும் நின்றுவிடுவதில்லை, அது எப்போதும் அறச்செயலும் ஆகும் என்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009இல் தம் சுற்றுமடலில் நமக்குக் கற்பித்துள்ளார்.

ஆகவே சில சிறிய செயல்களை நாம் மேற்கொள்ளலாம். கடையில் சாக்லேட் வாங்கும்போது, கொக்கோ எங்கிருந்து வந்தது என்று அட்டையைப் படிக்கலாம், எழுதியிராவிட்டால் கேட்கலாம். நியாய விலை கொடுத்து வாங்கியதாக உறுதி கூறும் பொருளைத் தேர்ந்தெடுக்கலாம். நம் தென்னந்தோப்புகளிலேயே விளையும் கொக்கோவுக்கும் அதை விளைவிக்கும் உழவருக்கும் நம் ஆதரவைத் தரலாம். விலை சற்றுக் கூடினால் அளவைச் சற்றுக் குறைக்கலாம். திருவருகைக் காலத்துக்கு அது நல்லதோர் ஒறுத்தல். சாக்லேட்டைக் குழந்தைகளோடு சேர்ந்து கிளறும் அந்த அரைமணி நேரத்தில், ஐவரி கோஸ்ட்டில் அவர்கள் வயதுச் சிறுவன் என்ன செய்துகொண்டிருப்பான் என்று சொல்லிக் கொடுக்கலாம். அவர்கள் அதை மறக்கமாட்டார்கள். நாவில் சுவையோடு சேர்ந்து பதிந்த பாடம் எளிதில் அழிவதில்லை.

பட்டை உறைந்ததும் ஒடித்துப் பத்துப் பங்காக வையுங்கள். ஒன்பது பங்கு வீட்டுக்கும் விருந்தினருக்கும் ஆகட்டும். பத்தாவது பங்கு, உங்கள் பங்கில் கிறிஸ்து பிறப்பு விழா அன்று எவருடைய வீட்டுக் கதவை எவரும் தட்டுவதில்லையோ அந்த வீட்டுக்குச் செல்லட்டும். புதினாவின் பத்திலொரு பங்கு அது. அதோடு நின்றுவிடாமல், உங்கள் சமையலறையில் தட்டேந்தி நிற்கும் பணிப்பெண்ணுக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, முதல் துண்டை அவள் கையில் கொடுங்கள்.

சியாப்பாசின் பேராலயத்தில் கோப்பையைச் சுமந்து நின்றவளுக்கு எவரும் அதைச் செய்யவில்லை.